வட்டிக்காரர் திருவிருந்துக்கு வரலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 52. தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. குடும்பம். சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடமும் வாசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகக் கடை வியாபாரத்தோடு வட்டிக்கும் பணம் கொடுத்து வருகிறேன். நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கியது, பத்து வரை போய்விட்டது. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுப்பேன். வெற்றுக் காசோலையும், கையெழுத்து மட்டும் போட்ட முத்திரைத்தாளும் வாங்கி வைத்துக்கொள்வேன். லைசென்ஸ் கிடையாது. வாங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் சபையார். ஒரு குடும்பத்தில் கணவர் பத்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கினார். அவர் இறந்த பிறகும் அந்த அம்மாவிடம் வட்டி வாங்கினேன். எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகள். கடைசியில் வீட்டுமனையை என் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். அவர்கள் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு லெந்து நாட்களில் எங்கள் குருவானவர் ஓசியாவின் புத்தகத்திலிருந்து ‘ஆவிக்குரிய வேசித்தனம்’ பற்றிப் பிரசங்கித்தார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறேன். அழுகிறேன், உபவாசம் இருக்கிறேன், சமாதானம் வரவில்லை. வெளியூர் ஊழியர் ஒருவர் நான் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றும், சாபம் முறிய ஊழியத்துக்கு ஒரு லட்சம் விதைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைப் படித்தால் பயமாக இருக்கிறது. எனக்கு மன்னிப்பு உண்டா? சபைக்கு முன்னால் எழுந்து நின்று அறிக்கை செய்ய வேண்டுமா? நான் திருவிருந்துக்குப் போகலாமா? என் மனைவிக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

மன்னிப்பு உண்டு. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அது இல்லையோ என்ற பயத்தோடு படிப்பவருக்கு மற்ற எதுவும் மனதில் ஏறாது. எபிரெயர் ஆறாம் அதிகாரம், கிறிஸ்துவை அறிந்த பிறகு அவரை வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போகிறவர்களை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை எழுதிய கையே மூன்று வசனம் தள்ளி, ‘பிரியமானவர்களே’ என்று கூப்பிட்டு, உங்களிடத்தில் இரட்சிப்புக்குரியவை உண்டென்று நம்புகிறோம் என்று தேற்றுகிறது. தள்ளிவிட்டுப் போனவனுக்குத் தூக்கம் கெடாது. உங்களுக்குக் கெட்டிருக்கிறது. அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. உங்கள் தூக்கம், உங்கள் கண்ணீர், உங்கள் உபவாசம், உங்கள் பயம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகளும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தத் திருப்பூர் அம்மாவைப் பற்றியது இல்லை. ‘போய்விட்டார்கள்’ என்ற சொல்லோடு அவரும் கடிதத்தைவிட்டுப் போய்விடுகிறார். சமாதானம் வரவில்லை என்கிறீர்கள். வராததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் காட்டவே ஓசியாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஓசியா தீர்க்கதரிசனம் சொன்னது கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யத்தில். இரண்டாம் யெரொபெயாமின் காலம். எல்லைகள் விரிந்திருந்தன, வியாபாரம் செழித்திருந்தது. தலைநகரான சமாரியாவின் இடிபாடுகளில் 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது, மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து யார் பெயருக்குப் பழைய திராட்சரசம் வந்தது, யாருக்கு நல்ல எண்ணெய் வந்தது என்ற குறிப்புகள். அந்த நூற்றாண்டின் கணக்கு நோட்டு என்றே சொல்லலாம். ‘தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் நான் கொடுத்தது என்று அவள் அறியாமற்போனாள்’ என்று இரண்டாம் அதிகாரத்தில் இஸ்ரவேலைத் தம் மனைவியாக வைத்துத் தேவன் வருந்தும்போது, அந்தச் சில்லுகளில் எழுதிய அதே திராட்சரசத்தையும் எண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

அந்த ஜனங்கள் கர்த்தரை விட்டுவிட்டு வேறு மதத்துக்குப் போய்விடவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பண்டிகைகள் நடந்தன, மாதப்பிறப்புகள் நடந்தன, ஓய்வுநாள் ஆசரிப்பு நடந்தது. அதே இரண்டாம் அதிகாரத்தில் எல்லாம் பட்டியலாகவே இருக்கிறது. கூடவே பாகாலையும் வைத்துக்கொண்டார்கள். 1929 முதல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் பாகால் இடிக்கும் மழைக்கும் தேவன். மழை பெய்யாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும் விவசாயிக்கு, கர்த்தர் ஒரு பக்கம், பாகால் ஒரு பக்கம் என்று இருவரிடமும் ஒரு கால் ஊன்றிக்கொள்வது புத்திசாலித்தனமாகப் பட்டிருக்கும். ஓசியா அதற்குத்தான் வேசித்தனம் என்று பெயர் வைத்தார். ஆலயத்துக்கு வராதவர்களைப் பார்த்துச் சொன்ன பெயர் அல்ல அது. வந்துகொண்டே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது.

(ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். இந்தப் புத்தகத்தைப் பிரசங்கிக்கும் பலர் ஓசியாவுக்கு உண்மையாக இராத மனைவி கோமேரையே திட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்; பெஞ்சில் இருக்கும் பெண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாம் அதிகாரம் முதல் வசனத்தில் ஓசியா யாரைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள்: ஆசாரியர்களை, ராஜாவின் வீட்டாரை. உங்கள் குருவானவர் எப்படிப் பிரசங்கித்தார் என்று எனக்குத் தெரியாது. கமிட்டி உறுப்பினருக்குக் கால் நடுங்கியிருக்கிறது என்றால், சரியான ஆட்களைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.)

நடுங்குவதற்கு நியாயம் உண்டு. 12ஆம் அதிகாரம், 7ஆம் வசனம்: ‘அவன் வியாபாரி, கள்ளத்தராசு அவன் கையில் இருக்கிறது.’ அடுத்த வசனத்தில் எப்பிராயீம், அதாவது அந்த வடக்கு இஸ்ரவேல், பதில் சொல்கிறான்: நான் ஐசுவரியவானானேன், எனக்குப் பொருள் கிடைத்தது, என் பிரயாசத்தில் பாவமென்று சொல்லும்படியான அக்கிரமம் எதுவும் அகப்படாது. எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கியது, அவர்களே கேட்டுத்தான் வாங்கினார்கள் என்று நம் ஊரில் சொல்வோமே, அதே குரல். ஓசியாவுக்குச் சற்று முன்னால் அதே ராஜ்யத்தில் பேசிய ஆமோஸ் இன்னும் கிட்டே வருகிறார். அடைமானமாக வாங்கின வஸ்திரங்களின்மேல் பீடங்களருகே படுத்துக்கொள்கிறார்கள் என்கிறார் (ஆமோஸ் 2:8). ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமத்தின் கட்டளை. திருப்பிக் கொடுக்காமல், அதையே விரித்து, ஆலயத்திலேயே படுத்திருக்கிறார்கள். அடகும் பீடமும் ஒரே இடத்தில். நீங்கள் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கும்போது உங்களுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில், திங்கட்கிழமை உங்களுக்கு வட்டி கட்ட வேண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அந்த வசனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா?

ஆகவே ‘ஆவிக்குரிய’ என்ற சொல்லை வைத்து இதை ஏதோ உள்மனதின் குளிர்ச்சி, ஜெபத்தில் உற்சாகக் குறைவு என்று சுருக்கிக்கொள்ள வேண்டாம். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது பொருளாசையை விக்கிரகாராதனை என்றே எழுதுகிறார். உங்கள் விக்கிரகம் கடை மேசையின் இழுப்பறையில், நோட்டுப் புத்தகமாக இருக்கிறது.

இப்போது கண்ணீருக்கு வருகிறேன். ஓசியா ஆறாம் அதிகாரத்தின் தொடக்கம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கன்வென்ஷன்களில் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ‘கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள், நம்மைப் பீறினார், அவரே நம்மைக் குணமாக்குவார்.’ இரண்டு நாளில் உயிர்ப்பிப்பார், மூன்றாம் நாளில் எழுப்புவார், மழைபோல வருவார். அழகான வசனங்கள். அவற்றுக்குத் தேவன் கொடுக்கும் பதிலைத்தான் நாம் வாசிக்காமல் நிறுத்திவிடுகிறோம். நான்காம் வசனம்: எப்பிராயீமே, உனக்கு என்ன செய்வேன்? உங்கள் பக்தி காலை மேகம்போல, விடியற்காலைப் பனிபோல ஒழிந்துபோகிறதே! அவர் மகிழவில்லை, சலித்துக்கொள்கிறார். ஏன்? அந்தப் பாட்டில் எந்தப் பாவத்துக்கும் பெயர் இல்லை. காயம் இருக்கிறது, குணமாகும் ஆசை இருக்கிறது. யாரைக் காயப்படுத்தினோம் என்பது இல்லை.

பதினான்காம் அதிகாரத்தில் மறுபடியும் ஒரு ஜெபம் வருகிறது. இம்முறை தேவனே சொல்லிக்கொடுக்கிறார். வார்த்தைகளைக் கொண்டு திரும்புங்கள் என்கிறார். என்ன வார்த்தைகள்? அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை. நாங்கள் குதிரைகளின்மேல் ஏறமாட்டோம். எங்கள் கைகளின் கிரியையைப் பார்த்து நீங்கள் எங்கள் தேவர்கள் என்று இனிச் சொல்லமாட்டோம். யாரோடு கூட்டு வைத்தோம், எதை நம்பினோம், எதைச் செய்து வணங்கினோம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. அந்த ஜெபத்தின் கடைசி வரி: திக்கற்றவன் உம்மிடத்தில் இரக்கம் பெறுகிறான். அதற்குத் தேவன் சொல்லும் பதிலில் சலிப்பே இல்லை. ‘அவர்கள் சீர்கேட்டைக் குணமாக்குவேன், அவர்களை மனப்பூர்வமாய்ச் சிநேகிப்பேன்.’ நீங்கள் இத்தனை மாதங்கள் ஜெபித்தது ஆறாம் அதிகாரத்தின் ஜெபம். பதினான்காம் அதிகாரத்தின் ஜெபத்தை உங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபிக்க வேண்டும். வாங்கியவர் பெயர், அசல், வட்டி, இதுவரை வாங்கியது என்று ஒவ்வொரு வரியாக.

ஒரு வரியை நானே போட்டுப் பார்த்தேன். 50,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள்; முதல் மாத வட்டியைப் பிடித்ததால் அவர் கைக்குப் போனது 45,000. மாதம் 5,000 வீதம் 36 மாதங்களுக்கு 1,80,000. ஆண்டுக்கு 120 சதவீதம். இவ்வளவும் வாங்கிய பிறகு அசல் அப்படியே நிற்க, அதற்காக மனையும் போயிருக்கிறது. இடையில் அந்த வீட்டில் ஒரு சாவும் விழுந்திருக்கிறது.

வட்டி வாங்குவதே பாவமா என்று உங்களில் ஒரு குரல் வாதாடலாம். வங்கி வாங்கவில்லையா என்று கேட்கலாம். சபை இதைப் பற்றி நெடுங்காலம் பேசியிருக்கிறது. நாம் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்துக்கு அடிப்படை போட்ட 325ஆம் ஆண்டு நிசேயா ஆலோசனைச் சங்கம், தன் 17ஆம் விதியில் மாதம் நூற்றுக்கொன்று வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்ற 15ஆம் சங்கீதத்தை அதற்கு ஆதாரம் காட்டியது. நூற்றுக்கொன்று! நீங்கள் வாங்கியது அதைப்போலப் பத்து மடங்கு. பின்னாளில் கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் வியாபாரத்துக்குக் கொடுக்கும் கடனில் மிதமான வட்டிக்கு இடம் கொடுத்தார்கள். ஏழையின் நெருக்கடியில் லாபம் பார்க்க அவர்களும் இடம் கொடுக்கவில்லை. எனவே இரும்புக் கடைக்கு நீங்கள் வங்கியில் வாங்கும் கடனும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒருவர் உங்களிடம் வாங்கும் கடனும் ஒன்றல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்வதை 1957ஆம் ஆண்டின் தமிழ்நாடு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டம் அனுமதிக்கவில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டம் வந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடம் உண்டு. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் உயிரை மாய்த்துக்கொண்டது. சிறு பிள்ளைகளோடு. நீங்களும் அந்தச் செய்தியைப் படித்திருப்பீர்கள். படித்த அன்றும் வசூலுக்குப் போனீர்களா என்று நான் கேட்கவில்லை. அதை நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

என்ன செய்வது? நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் அழுகிறார்கள்: தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம், வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் சகோதரர்களே. நெகேமியா ஜெபக்கூட்டம் வைக்கவில்லை. கோபப்பட்டார், பெரிய சபையைக் கூட்டினார். நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் ஒலிவத்தோப்புகளையும் வீடுகளையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கொன்று வீதம் தண்டிவரும் வட்டியையும் விட்டுவிடுங்கள் என்றார். ‘இன்றைக்கே’ என்பது அந்த வசனத்திலேயே இருக்கிறது. அவர்கள் சரி என்றதும் அவர் அதோடு விடவில்லை. ஆசாரியர்களை அழைத்துச் சத்தியம் வாங்கினார். மனிதர் வட்டிக்காரர்களை நன்றாக அறிந்தவர்.

உங்களுக்கும் முதல் வேலை அதுதான். வசூலை இன்றே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம் என்ற யோசனை வரும், கேட்காதீர்கள். வெற்றுக் காசோலைகளையும் முத்திரைத்தாள்களையும் உரியவர்களிடம் கொடுத்து, கொடுத்ததாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுகூட இழுப்பறையில் இருக்கக் கூடாது. பிறகு கணக்கு. ஒரு வங்கி வாங்கியிருக்கும் வட்டியை வைத்துக் கணக்குப் போட்டு, அதற்குமேல் வாங்கியது அவரவர் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகோலின்படி உங்கள் நோட்டில் பலருடைய அசல் எப்போதோ தீர்ந்திருக்கும். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம், பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்து வந்த சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதை நினைத்து ஆவேசத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் நின்றுபோகும் நாலத்தனையைவிடக் கொடுத்து முடிக்கும் ஐந்தில் ஒன்று மேல். மொத்தமாகக் கொடுக்கப் பணம் போதாவிட்டால் தவணை போட்டுக் கொடுங்கள், தேவைப்பட்டால் சொத்தை விற்றுக் கொடுங்கள். எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். மனையைத் திரும்ப எழுதிக் கொடுக்கவும், காசோலைகளைத் திருப்பவும் அவர் வேண்டும். தப்பிக்க வழி கேட்டுப் போகாதீர்கள். சட்டம் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சகேயுவைப் பற்றி இன்னொன்று. இயேசு ‘இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று சொன்னது, அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால். அவன் பணம் கொடுத்து அவரை வீட்டுக்கு வாங்கவில்லை. அவர் வந்த பிறகு பணத்தை வைத்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். யூதாசும் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆசாரியர்களிடம் போனான், இயேசுவிடம் போகவில்லை. பேதுரு மறுதலித்து மனங்கசந்து அழுதான், பிறகு மற்றச் சீஷர்களோடு இருந்தான். கடற்கரையில் நிற்பவர் அவர்தான் என்று கேட்டதும் தண்ணீரில் குதித்தே போனான். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். கொடுக்கும்போது தனியாக இருக்காதீர்கள்.

அந்த வெளியூர் ஊழியரின் ஒரு லட்சத்துக்கு என் பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது உங்கள் பணமே அல்ல, திருப்பூரிலும் உங்கள் தெருவிலும் இருப்பவர்களின் பணம். சகேயு ஏழைகளுக்கும் தான் ஏமாற்றியவர்களுக்கும் கொடுத்தான். ஊழியத்துக்கு விதைத்ததாக லூக்கா எழுதவில்லை. வேசிப்பணயத்தை எந்தப் பொருத்தனையினாலும் கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறது. ஓசியாவைக் கேட்டு நடுங்கிய உங்களுக்கு அது விளங்கும். இயேசுவைக் காட்டிக்கொடுக்க விலை பேசிய ஆசாரியர்கள்கூட யூதாஸ் எறிந்த காசைக் காணிக்கைப்பெட்டியில் போடத் தயங்கினார்கள். இந்த ஊழியருக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

மறு ஞானஸ்நானம் வேண்டாம். 250இல் தேசியு என்ற ரோமப் பேரரசன் காலத்தில், தேவர்களுக்குப் பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கச் சொன்னபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியானும் மற்றவர்களும் 251இல் கூடி முடிவெடுத்தது என்ன? ஒவ்வொருவரின் விழுகையையும் தனித்தனியே விசாரிப்பது, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுப்பது, பிறகு சேர்த்துக்கொள்வது. யாருக்கும் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. ரோமில் நோவாசியன் என்பவர் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்றார். சபை அவரோடு போகவில்லை. கடைசி வரை உங்கள் ஞானஸ்நானம் செல்லும். உங்கள்மேல் வழக்குத் தொடுப்பதும் அந்த ஞானஸ்நானம்தான்.

சபை முன்னால் நிற்பது பற்றி: வேண்டாம் என்பது என் கருத்து. பாவம் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் அறிக்கையும் போக வேண்டும், அதற்குமேல் போகக் கூடாது. நீங்கள் எழுந்து நின்று சொன்னால், உங்களிடம் கடன் வாங்கியவர்கள் யார் யார் என்று அன்று மதியமே ஊர் பேச ஆரம்பித்துவிடும். அவர்கள் வறுமை உங்கள் சாட்சியில் ஏற வேண்டாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் கூட்டங்களில் சாட்சி சொல்பவர் சொல்லி முடிப்பதற்குள் வீரர் ஆகிவிடுகிறார். பாவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய அல்லேலூயா. உங்களிடம் வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனியாகப் போங்கள். உபாகமம் 24, அடகு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்கிறது. திருப்பிக் கொடுக்கப் போகும்போதும் உள்ளே கூப்பிட்டால் போங்கள், இல்லாவிட்டால் வாசலில் நின்று கொடுங்கள்.

உங்கள் சேகர குருவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கமிட்டியிலிருந்து விலகுங்கள். வேதபாடம் வாசிப்பதையும் நிறுத்திவைத்து, மறுபடி எப்போது என்று அவர் முடிவு செய்யட்டும். காரணம் கேட்பவர்களிடம் ‘சொந்தக் காரணம்’ என்று சொன்னால் பொய்யில்லை.

மனைவியிடம் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் நகையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அந்தப் பணம் கலந்திருக்கிறது. அவர் அதை அறியாமலே உங்கள் கூட்டாளியாக்கப்பட்டிருக்கிறார். கோபப்படுவார், பயப்படுவார், சொத்து போய்விடும் என்று உங்களைத் தடுக்கவும் செய்யலாம். அதற்கு நேரம் கொடுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி திருவிருந்து. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன்பு நம் திருநெல்வேலி முன்னோர்கள் வைத்து ஆராதித்தது ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் தமிழாக்கம். 1662ஆம் ஆண்டின் அந்த ஒழுங்கில், திருவிருந்துக்கு முந்திய ஞாயிறு வாசிக்க வேண்டிய நீண்ட புத்திமதி ஒன்று உண்டு. பிறருக்குச் செய்த அநியாயத்துக்குத் தன்னால் இயன்ற மட்டும் ஈடுசெய்ய ஆயத்தமாயிருந்தால் வா என்கிறது அது. மனச்சாட்சி அடங்காவிட்டால் தனியே ஒரு குருவிடம் வந்து துக்கத்தைச் சொல் என்றும் சொல்கிறது. நேரமாகிறது என்று அதை நாம் வாசிப்பதை விட்டுவிட்டோம். வாசித்திருந்தால் உங்கள் கேள்வி ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும்.

பிரசங்கம் முடிந்ததும் வெளியே போனீர்களே, அது உங்கள் மனச்சாட்சி உயிரோடிருப்பதன் அடையாளம். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொண்டு, போகாமல் இருப்பதே ஒரு தண்டனை, தண்டனை அனுபவித்தாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. பவுல் ‘தன்னைத்தானே சோதித்தறிந்து விலகி நில்’ என்று எழுதவில்லை, சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறார். மத்தேயு ஐந்தில் இயேசு காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார். போவதும் வருவதும் இரண்டுமே அதில் உண்டு. எல்லாக் கடனும் தீர்ந்த பிறகுதான் வருவேன் என்று இருந்தால் ஆண்டுகள் ஆகும். மனைவியிடமும் குருவானவரிடமும் சொல்லியாயிற்று, காசோலைகள் திரும்பிப் போய்விட்டன, திருப்பூருக்கும் போய் வந்தாயிற்று என்ற நிலையில், குருவானவர் சம்மதித்தால், போங்கள். வரிசையில் உங்களுக்குப் பக்கத்தில் உங்களிடம் வட்டி கட்டிய யாராவது முழங்கால்படியிடக்கூடும். எழுந்து போகாதீர்கள்.

திருப்பூருக்கு எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள்விட்டு அனுப்பாதீர்கள், செல்போனில் பணம் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதலில் அந்த அம்மாவுக்கு நெருக்கமான யாராவது மூலம், வரலாமா என்று கேட்டனுப்புங்கள். உங்களைத் திடீரென்று வாசலில் பார்த்தால் மறுபடி வசூலுக்கு வந்ததாகத்தான் பயப்படுவார். வேண்டாம் என்றால் வழக்கறிஞர் மூலமாகவே மனையை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரச்சொன்னால் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், ஜெபம் பண்ணலாமா என்று கேட்காதீர்கள். செய்தது இன்னது, கொண்டுவந்தது இன்னது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மன்னிக்காமல் போகலாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமைகூட இப்போது உங்களுக்கு இல்லை. அவர் மன்னிப்பது உங்கள் கடனைத் தீர்ப்பதற்கு நிபந்தனையும் அல்ல.

இவ்வளவும் தொடங்கிய பிறகு, விரும்பினால், எனக்கு மறுபடி எழுதுங்கள். நோட்டின் விவரங்களையோ கடன் வாங்கியவர்களின் பெயர்களையோ எனக்கு அனுப்ப வேண்டாம். அவை உங்கள் குருவானவருக்கும் வழக்கறிஞருக்கும் உரியவை.